நீதிபதிக்கு அங்கி மாட்டிய வருடம்

ஓய்வு பெற்றவர்களிடம் ஆலோசனை கேட்பது நல்ல பழக்கம். கேட்டுவிட்டு அதன்படி நடக்காமல் விடுவது அதைவிட நல்ல பழக்கம். நான் வேலை செய்த நகர நாடக அரங்கில் இந்த இரண்டு பழக்கமும் உண்டு. போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நீதிபதி நாடகத்தை மறுபடியும் மேடையேற்றப் போகிறார்களாம். இந்த முறை உடுப்புக் குறைவு, பாதி நாடகம் திரையில் ஓடுமாம். நீதிபதியின் உடுப்பில் பொருத்துகிற சின்னத்தை எங்கே பூட்டி வைத்தீர்கள், பூட்டின் திறப்பு யாரிடம் இருந்தது, அங்கியை எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் குறிப்பு எடுத்தார்களோ தெரியாது. எனக்குத்தான் பழையதெல்லாம் கிளம்பி வந்துவிட்டது.

என் வேலை நடிகர்களுக்கு உடுப்பு மாட்டிவிடுவது. டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அதற்கு ஒரு பெயர் உண்டு, தமிழில் சொன்னால் எங்கள் சனத்துக்குச் சிரிப்பு வரும். வேலை கிடைத்த புதிதில் என் மனிசன் முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"வளர்ந்த ஆம்பிளையளுக்குத் தாங்களா உடுப்புப் போட ஏலாதாமோ?"

"ஏலும். ஆனா இருட்டுக்குள்ள, ஓடி வந்து, ஒரு நிமிசத்துக்குள்ள ஏலாது" என்றேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து நகரமொன்றில் தங்கி, அதே அரங்கில் முதலில் நிலம் துடைத்தேன். ஒருநாள் கிழிந்த உறையொன்றைத் தைத்துக் கொடுத்தேன். உடையறைத் தலைவி ஃப்ராவ் கெஸ்லர் அந்தத் தையலைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஒரு சட்டையைத் தந்து ஸ்திரிக்கை போடச் சொன்னார். அதுதான் என் படிப்பு, பரீட்சை, சான்றிதழ் எல்லாம். என் பெயர் அவர்களுக்கு நீளம். கணவர் வழிப் பெயர் சிவபாதசுந்தரம். அதை நறுக்கி ஃப்ராவ் சிவா, அதாவது திருமதி சிவா, ஆக்கிவிட்டார்கள். மாமனாரின் பெயரில் பாதியைச் சொல்லித்தான் இருபது வருடத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டார்கள். மாமனார் கேள்விப்பட்டிருந்தால் கோவித்திருப்பார்.

ஃப்ராவ் கெஸ்லர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை கண்டால், "இது இப்படித்தான் இருக்கவேண்டுமா, ஃப்ராவ் சிவா?" என்று மெதுவாகக் கேட்பார். அதற்குப் பதில் சொல்லக்கூடாது, திருத்தவேண்டும். உண்மையாகக் கோபம் வந்தால் ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் எடுத்துவிடுவார். ஏற்கெனவே மடிப்புக் கலையாமல் இருப்பதையும் எடுத்துப் போட்டுத் தேய்ப்பார். கைலேஞ்சி, மேசைத் துணி, தூசி தட்டுகிற துணி என்று ஒன்றையும் விடமாட்டார். அந்த நேரம் நாங்கள் மெல்ல நழுவிவிடுவோம்.

முதல் நாளே எனக்கு ஒரு விதி சொன்னார். உடை மாற்றும் அறைக்குள் பார்ப்பது அந்த அறையின் வாசல்படியைத் தாண்டி வரக்கூடாது. யார் கொழுத்துப் போனது, யார் குடித்துவிட்டு வந்தது, யாருக்குத் தலைமயிர் சொந்தமில்லை, எல்லாம் வாசல்படிக்கு உள்ளேதான். உள்ளாடையோடு ஒருவர் எங்களுக்கு முன்னால் நிற்கிறார் என்றால் அவர் எங்களை நம்பி நிற்கிறார். ஊரில் வேலிக்கு வேலி ஒட்டியிருந்த எங்கள் ஒழுங்கையில் இந்த விதி இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

நீதிபதி நாடகம் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுதப்பட்டது. ஹிட்லர் காலத்தில் சின்ன நகரமொன்றில் ஒரு நீதிபதி. கெட்ட மனிதர் இல்லை. பியானோ வாசிப்பார், மனைவிக்குப் பயம். மேலிடம் சொல்கிற தீர்ப்புகளில் கையெழுத்து வைக்கிறார். இரண்டு பேரைக் காப்பாற்ற ஒருவரைச் சாவுக்குக் கொடுக்கிறார், பிறகு ஒருவரைக் காப்பாற்ற இரண்டு பேரைக் கொடுக்கிறார், கடைசியில் யாரையும் காப்பாற்றாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். மனைவி கேட்கும்போது சொல்வார்: "நான் இந்தக் கதிரையை விட்டு எழும்பினால் இன்னொருவன் வந்து உட்காருவான். அவனுக்கு என்னளவு இரக்கம் இருக்காது." இந்த வரி வரும்போது சபையில் ஒரு இருமல்கூடக் கேட்காது.

நீதிபதியின் கறுப்பு அங்கியில், வலது மார்பில், அந்த ஆட்சியின் சின்னம் இருக்கும். கழுகும் கொளுக்கிச் சிலுவையும், அதாவது நாஜிகளின் ஸ்வஸ்திகாவும். மேடையில் காட்டச் சட்டம் விடுகிறது, வெளியே தெருவில் விடாது. அதனால் அதைத் தைக்காமல் அழுத்துப் பொத்தானில் பொருத்தியிருந்தோம். இரும்பு அலுமாரியில் இருக்கும், திறப்பு என் கழுத்தில். நடிகர் மேடைக்குள் காலை வைப்பதற்குச் சற்று முன், பக்கத் திரைக்குப் பின்னால் நின்று நான் அழுத்திவிடுவேன். வெளியே வந்த உடனே கழற்றி என் பையில் போடுவேன். சின்னத்தோடு ஒருவரும் சிற்றுண்டிச்சாலைக்குப் போகக்கூடாது, கைத்தொலைபேசியில் படம் எடுக்கக்கூடாது. முதல் முறை வீட்டில் சொன்னபோது என் மனிசன், "எங்கட பிள்ளையார் படத்தில இருக்கிறதைத்தானே சரிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்றார். அந்தக் கதையை அரங்கில் போய்ச் சொல்லவேண்டாம் என்று அவரை எச்சரித்து வைத்தேன்.

நீதிபதியாக நடித்தவர் ஹெர் லோரன்ஸ். லைப்சிக்காரர், கிழக்கு ஜேர்மனி இருந்த காலத்தில் அங்கே நடித்தவர். மெலிந்த, உயரமான மனிதர். கழுத்துப் பட்டியை நான் கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்லுவார்.

"லைப்சிக்கில் எனக்கு உடை மாட்டியவர் மிக நல்லவர். ஒரு பொத்தானைக்கூடப் பிழையாகப் போட்டதில்லை. என் அம்மாவின் பிறந்தநாள்கூட அவருக்கு நினைவிருக்கும்."

"நல்ல மனிசர்தான்" என்றேன்.

"ஓம். அதையும் சேர்த்துத்தான் உளவுத்துறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன், யார் என்னைப் பார்க்க வருகிறார்கள், எல்லாம். பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது."

இதைச் சொன்னபோது அவர் கண்ணைத் திறக்கவில்லை. கழுத்து என் விரல்களுக்கு இடையில் இருந்தது. பட்டி இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

நாடகம் நல்ல பெயர் எடுத்து, அடுத்த வருடம், இரண்டாவது நாடகப் பருவத்துக்கும் வைத்திருந்தார்கள். அந்தப் பருவம் தொடங்கியபோதுதான் அவருடைய கையைக் கவனித்தேன். வலது கை, சும்மா தொங்கும்போது நடுங்கியது. மறைக்கப் பார்த்தார், பையில் விட்டார், பின்னால் கட்டினார். உடுப்பு மாட்டுகிறவளிடம் கையை மறைப்பது பல் வைத்தியரிடம் வாயை மறைப்பது போல. சட்டைக் கைப் பொத்தானை ஒருநாள் அவராகப் போட முயன்று, முடியாமல், கையை என் பக்கம் நீட்டினார். நான் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

இதில் இருந்த ஆபத்தை விளக்கவேண்டும். இங்கே நடிகர்களின் ஒப்பந்தம் குறித்த காலத்துக்குத்தான், நிர்வாகம் விரும்பினால் புதுப்பிக்காமல் விடலாம். ஆனால் ஒரே அரங்கில் பதினைந்து வருடம் கடந்துவிட்டால் லேசில் அனுப்ப முடியாது. ஆகவே பதினைந்து நெருங்கும்போது நிர்வாகத்துக்குத் திடீரென்று கலைக் கண் திறக்கும், நேற்றுவரை நல்லாய் நடித்தவரிடம் குறை தெரியும். ஹெர் லோரன்ஸ் அந்த இடத்தில்தான் நின்றார். அறுபதைத் தாண்டியவர், தனி மனிதர், நடுங்கும் கை. வெளியே விட்டால் வேறு எந்த அரங்கும் எடுக்காது. அந்த நாடகத்திலோ கையை மறைக்கவும் வழியில்லை. மூன்றாம் அங்கத்தில் நீதிபதி ஒரு மரண தண்டனையில் கையெழுத்து வைக்கவேண்டும். பேச்சில்லை, இசையில்லை, மேசை விளக்கும் கையும் பேனாவும்தான். நெறியாளர் அந்த மௌனத்தை வேண்டுமென்றே நீட்டி வைத்திருந்தார்.

குளிர்காலம் தொடங்கும்போது நிர்வாக இயக்குநர் ஹெர் பெக்கர் என்னைக் கூப்பிட்டார். முறையாக டெர்மின் தந்து, நேரம் குறித்து. நான் அந்த மாடிக்கு அதற்கு முன் துடைக்கத்தான் போயிருக்கிறேன். கோப்பி தந்தார், பிஸ்கட் தந்தார், பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஹெர் லோரன்ஸின் கைகள் எப்படி இருக்கின்றன?"

"ரெண்டும் இருக்கு" என்றேன்.

சிரித்தார். நல்ல சிரிப்பு, உண்மையாகவே. "ஃப்ராவ் சிவா, நான் அவருடைய நன்மைக்காகத்தான் கேட்கிறேன். நீங்கள் எதையும் எழுதித் தரவேண்டாம். ஒவ்வொரு காட்சி முடிந்த பிறகும் வாயால் ஒரு வரி சொன்னால் போதும். உங்கள் அரைநேர வேலையை முழுநேரமாக்குவது பற்றியும் நாங்கள் பேசத்தான் இருந்தோம்."

நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் அவரை அன்போடு கவனிப்பவர்" என்றார். "நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் இன்னொருவரைத்தான் கேட்கவேண்டி வரும். அவருக்கு உங்களளவு அன்பு இருக்குமா, தெரியாது."

நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி விடுகிறாரோ என்று. இல்லை. அந்த நாடகத்தைத் தெரிவு செய்தவரே அவர்தான். இது நம் எல்லோரையும் கேள்வி கேட்கும் நாடகம் என்று நிகழ்ச்சிப் புத்தகத்தில் முன்னுரையும் எழுதியிருந்தார். கேள்வி அவருடைய வீட்டுக் கதவைத் தட்டியபோது ஆள் வெளியே போயிருந்தார் போல. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன்.

வீட்டில் மனிசனிடம் சொன்னேன். அவர் உடனே கோபப்படவில்லை. யோசித்தார்.

"அந்தாளுக்கு வருத்தம் எண்டது உண்மைதானே. வீட்டில இருந்து வைத்தியம் பாக்கட்டுமன். ஒரு வரிதானே கேக்கிறாங்கள்."

"ஓம், ஒரு வரிதான்."

"முழுநேரம் எண்டா உனக்குப் பென்சனுக்கும் நல்லது."

"தெரியும்."

"அப்ப ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

"தலையாட்டியை நினைச்சனான்" என்றேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரில் இராணுவம் சுற்றிவளைக்கும்போது ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லும். அங்கே ஜீப்பில் ஒருவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இருப்பான், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. எல்லோரும் வரிசையாக அவனுக்கு முன்னால் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்து மற்றப் பக்கம் விடுவார்கள். பேசமாட்டான், ஆட்டுவான். அதனால் தலையாட்டி என்று பெயர். என் அண்ணை அவனுக்கு முன்னால் வந்தபோது சாக்கு ஆடியது. நான் வேலிக்கு வெளியே பெண்களோடு நின்று பார்த்தேன். அண்ணை எந்த இயக்கத்திலும் இல்லை, தபால் கந்தோரில் வேலை. திரும்பி வரவில்லை. சாக்குக்குக் கீழே தெரிந்த கால்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. அண்ணையோடு பந்தடித்த கால்கள். அவனுடைய பெயரை அன்றும் ஒருவருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். அவனை மன்னித்தாயா என்று கேட்காதேங்கோ, கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த கிழமை மாடிக்குப் போனேன். கோப்பி வேண்டாம் என்றேன்.

"அறைக்குள்ள பாக்கிறதை நான் வாசல்படிக்கு வெளியில கொண்டு வாறேல்லை, ஹெர் பெக்கர்" என்று எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன்.

அவர் வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. "அப்படியென்றால் இன்னொருவரைத்தான் கேட்கவேண்டும்."

"கேளுங்கோ."

பிறகு வந்த மாதங்கள்தான் என் வேலைக் காலத்திலேயே மோசமானவை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் அந்த இன்னொருவர் யார் என்பது. ஒப்பனை செய்கிற சபீனேயா? பேனாவையும் மேசையையும் ஒழுங்குபடுத்துகிற யோகனா? நான் லீவு எடுக்கும் நாளில் எனக்குப் பதிலாக வருகிற பெத்ராவா? வருடக்கணக்காக ஒன்றாகச் சாப்பிட்ட ஆட்கள். ஒவ்வொருவர் முகத்தையும் களவாகப் பார்த்தேன். சபீனே ஹெர் லோரன்ஸோடு கொஞ்சம் கூடுதல் நேரம் பேசினால் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு நானும் கிட்டப் போய் நின்றேன். ஒருநாள் ஃப்ராவ் கெஸ்லர் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அவருடைய கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இவவாத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்று அவ தந்த கேக்கைச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் ஃப்ராவ் கெஸ்லர் ஸ்திரிக்கை போட்டார். காலையிலிருந்து மத்தியானம் வரை, கட்டில் விரிப்புகளாக. பிறகு நீதிபதியின் அங்கியை எடுத்து வந்து என் கையில் தந்தார். வழமையை விடப் பாரமாக இருந்தது. கை விளிம்புகளைத் தடவிப் பார்த்தேன். யன்னல் சீலை நேராக விழுவதற்கு அடியில் வைத்துத் தைப்போமே, ஈயக் குண்டு கோத்த நாடா, அதை இரண்டு கை விளிம்புக்குள்ளும் மடித்துத் தைத்திருந்தார். வெளியே ஒரு நூல்கூடத் தெரியவில்லை.

"கை சரியாக விழவில்லை. இப்போது விழும்" என்றார்.

"ஓம், ஃப்ராவ் கெஸ்லர்."

அவ்வளவுதான் பேசினோம். மாட்டிவிட்டபோது ஹெர் லோரன்ஸ் கையை உயர்த்திப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பாரத்தில் நடுக்கம் அடங்கியிருந்தது. முழுக்க இல்லை, ஆனால் போதுமான அளவுக்கு. அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய காலரை நேராக்கினேன்.

அன்று ஹெர் பெக்கர் முதல் வரிசையில் வந்து இருந்தார். மூன்றாம் அங்கம் வந்தது. விளக்கு, மேசை, பேனா. நீதிபதி கையைத் தூக்கினார். பாரத்தால் அது மெல்ல மெல்லத்தான் எழும்பியது, மெல்ல மெல்லத்தான் தாளுக்குப் போனது. நான் திரைக்குப் பின்னால் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டேன். கையெழுத்து முடிந்தது. சபை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்த கிழமைப் பத்திரிகையில் ஒரு விமர்சகர், மனச்சாட்சியின் பாரத்தை இந்த நடிகர் கையிலேயே காட்டுகிறார் என்று பாராட்டி எழுதியிருந்தார். ஃப்ராவ் கெஸ்லர் அதை வாசித்துவிட்டு, ஈயம் என்ன விலை என்று அந்த ஆளுக்குத் தெரியாது என்றார்.

நிர்வாகம் முடிவு சொல்லவேண்டிய காலக்கெடு வசந்தத்தில் ஒருநாள் வந்து போனது. கடிதம் வரவில்லை. ஹெர் லோரன்ஸின் வேலை நிலைத்தது. எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அரைநேரம் அரைநேரமாகவே இருந்தது.

பருவத்தின் கடைசிக் காட்சி ஒரு ஞாயிறு பகலில் நடந்தது. முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையில் எல்லோரும் கூடினோம். ஹெர் லோரன்ஸ் ஒரு கிளாஸ் வைனை வலது கையில் எடுத்தார். எல்லோரும் பார்க்க அது நடுங்கிச் சட்டையில் சிந்தியது. அவர் மறைக்கவில்லை.

"பார்க்கின்சன்" என்றார். "போன வருடத்திலிருந்து. உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்."

பிறகு சபீனே சொன்னாள்: "எனக்குத் தெரியும். ஹெர் பெக்கர் என்னைக் கேட்டார். நான் முகம் மட்டும்தான் பார்ப்பேன் என்று சொன்னேன்."

யோகன் திரும்பினான். "என்னையும் கேட்டார். பேனா என்னுடைய பொறுப்பு, கை என்னுடையதில்லை என்றேன்."

பெத்ராவையும் கேட்டிருக்கிறார். தனக்குக் கண் சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஃப்ராவ் கெஸ்லரிடம் ஹெர் பெக்கரே மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டாராம். அவர் போகும்வரை ஒரே கட்டில் விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்றார் அவ. எல்லோரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். ஹெர் லோரன்ஸ் சிரிக்கவில்லை, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் ஒருவரோடும் கூடிப் பேசவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் மறுத்ததாக நினைத்து, மற்றவர்களைக் களவாகப் பார்த்துக்கொண்டு, அந்த வருடத்தைக் கழித்திருக்கிறோம். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணையைக் கொண்டுபோன அன்று அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. "அவன் ஆட்டாட்டி இன்னொருத்தன் ஆட்டியிருப்பான், பிள்ளை. ஒண்டும் மாறியிராது." அம்மா என்னைத் தேற்றத்தான் சொன்னா. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாடு விட்டு வந்தேன், பிள்ளை பெற்றேன், வேலை செய்தேன். எனக்குக் கோப்பி தந்து கேட்டார்கள், அவனை அடித்துக் கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த இன்னொருவருக்காக நான் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவேயில்லை. அன்று அந்தச் சாக்கு ஆடாமல் இருந்திருந்தால் அண்ணை வீட்டுக்கு வந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு முதல் முதல் வந்தது அந்த பஸ்ஸில்தான். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்து சத்தம் போட்டு அழுதேன்.